ஞானஸ்நானம் பெறாத முன்னோர்கள்

வாசகர் கேள்வி-பதில்: குவேக்கர் வம்சாவளித் தேடல்

கேள்வி: என் மருமகளின் தாய்வழி முன்னோர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அந்தப் பகுதித் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஒரு பெயர்கூட அகப்படவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: அகப்படாது. குவேக்கர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அக்காலத்தில் திருமணம் நடத்திவைக்கப் பாதிரியாரும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் எழுதிவைக்கும் பழக்கத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எழுதியது ‘மன்த்லி மீட்டிங்’ எனப்படும் மாதக் கூட்டம். அக்கம்பக்கத்து வழிபாட்டுக் குழுக்கள் சில சேர்ந்து, மாதம் ஒருமுறை நிர்வாக விஷயம் பேசக் கூடும் அமைப்பு அது. பிறப்பு, இறப்பு, திருமணம், ஊர் மாறுவது, கண்டிப்பது, விலக்குவது எல்லாம் அதன் பொறுப்பு.

ஆகவே ஆளைத் தேடுமுன் மாதக் கூட்டத்தைத் தேடுங்கள். உயில், நிலப் பத்திரம், வரிப் பட்டியல் இவற்றிலிருந்து கவுன்டியையும் (மாவட்டம் போன்றது) ஆண்டையும் உறுதி செய்துகொண்டு, அந்த ஆண்டில் அந்த வட்டாரம் எந்த மாதக் கூட்டத்தின் கீழ் இருந்தது என்று பாருங்கள். ‘அந்த ஆண்டில்’ என்பது முக்கியம். குடியிருப்பு பெருகப் பெருக ஒரு மாதக் கூட்டத்திலிருந்து இன்னொன்று பிரியும். 1740இல் நடந்தது தாய்க் கூட்டத்தின் ஏட்டிலும், 1760இல் நடந்தது புதிய கூட்டத்தின் ஏட்டிலும் இருக்கலாம். குடும்பம் வீடு மாறியிருக்கவே வேண்டாம்.

கூட்டம் தெரிந்தபின் பிறப்பு-இறப்பு ஏடு, ஆண்கள் கூட்டக் குறிப்பு, பெண்கள் கூட்டக் குறிப்பு, திருமணச் சான்று ஏடு, இடமாற்றச் சான்று (வேறு கூட்டத்துக்கு மாறிப் போகிறவருக்குத் தரும் கடிதம்) ஏடு ஐந்தையும் பார்க்க வேண்டும். பலர் முதல் ஏட்டோடு நின்றுவிடுகிறார்கள். அதில்தான் சரக்கு குறைவு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: குடும்பம் புதிதாக வந்து சேரும்போது, வேறு ஊரில் பிறந்த பிள்ளைகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதிவிடுவார்கள். ஏட்டில் பெயர் இருப்பதால் அங்கேதான் பிறந்தார் என்று ஆகாது.

பென்சில்வேனியா ஏடுகள் பெரும்பாலும் ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்டு கல்லூரிகளின் குவேக்கர் சேகரிப்புகளில் உள்ளன. வட கரோலினாவுக்குக் கில்ஃபோர்டு கல்லூரி, இந்தியானாவுக்கு எர்ல்ஹாம் கல்லூரி. ஏராளமான ஏடுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்திலும் இருக்கின்றன. அங்கே பெயர் அட்டவணையை மட்டும் நம்பாமல், கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது.

கேள்வி: ‘1731, 11ஆம் மாதம், 12ஆம் நாள்’ இறந்ததாக ஒருவரைப் பற்றிய குறிப்பு. நவம்பர் 12 என்று குறித்துக்கொண்டேன். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்!

பதில்: கையெழுத்திட்டது ஆவி அல்ல. அவர் இறந்தது 1732 ஜனவரி 12.

மாதப் பெயர்களும் கிழமைப் பெயர்களும் அந்நிய தெய்வங்களிடமிருந்து வந்தவை என்று சொல்லிக் குவேக்கர்கள் எண்களையே எழுதினார்கள். ஞாயிறு முதல் நாள், சனி ஏழாம் நாள். சிக்கல் மாதத்தில். 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். ஆகவே முதல் மாதம் மார்ச்; பத்தாம் மாதம் டிசம்பர்; 11 ஜனவரி, 12 பிப்ரவரி. ஜனவரியும் பிப்ரவரியும் பழைய ஆண்டின் வாலாகவே எழுதப்பட்டன. நம் கணக்குக்கு ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்ச் 24 வரையுள்ள தேதிகளில் சிலர் ‘1731/2’ என்று இரண்டையும் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் குழப்பமில்லை. 1752 முதல் ஜனவரியே முதல் மாதம். அதே ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. நடுவில் 11 நாள் காணாமல் போனது.

உங்கள் குறிப்பேட்டில் முதலில் ஏட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் முன்பே ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மறுபடி மாற்றி, இரண்டு மாதம் நான்கு மாதமாகிக் கிடக்கிறது.

கேள்வி: ஒரு பெண்ணின் பெயர் 20 வயதுவரை ஏட்டில் இருக்கிறது. பிறகு இல்லை. இறந்துவிட்டாரா?

பதில்: அதைவிட, குவேக்கர் அல்லாத ஒருவரை மணந்திருக்கவே வாய்ப்பு அதிகம். முறைப்படியான திருமணம் என்றால் மணமக்கள் அடுத்தடுத்து இரண்டு மாதக் கூட்டங்களில் தங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டும். இடையில் ஆட்களை நியமித்து, வேறு எவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். பிறகு வழிபாட்டுக் கூட்டத்தில் அவர்களே எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள். வந்திருந்தவர்கள் சான்றில் கையெழுத்திடுவார்கள். மணமக்கள் பெயருக்குக் கீழே வலது பத்தியில் உறவினர்கள் கையெழுத்திடுவது வழக்கம். மணமகளின் தாய்மாமன் யார், மணமான அக்கா யார் என்று அந்தப் பத்தியை வைத்தே பிடித்துவிடலாம். (மூலச் சான்று தம்பதியிடம் போய்விடும். ஏட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல். எனவே அந்தக் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பயனில்லை.)

இந்த வழியைவிட்டுப் பாதிரியார் முன்போ நீதிபதி முன்போ மணந்தால் புகார் வரும். பெண் என்றால் முதலில் பெண்கள் கூட்டக் குறிப்பைப் பாருங்கள். பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். தேடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்! இரண்டு பேர் போய்ப் பேசுவார்கள். வருத்தம் தெரிவித்தால், தன் நடத்தையைத் தானே கண்டித்து ஒரு தாள் எழுதித் தர வேண்டும். அது வழிபாட்டின் முடிவில் எல்லார் காதிலும் விழ வாசிக்கப்படும். தராவிட்டால் உறுப்பினர் நீக்கம்.

புகார் எழுந்த தேதி திருமணத் தேதி அல்ல. செய்தி கூட்டத்துக்கு எட்டச் சில வாரம் ஆகலாம், சில ஆண்டும் ஆகலாம். திருமணத்தைப் பிற சபைகளின் ஏடுகளில் தேட வேண்டும். ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில் குளோரியா டேயி போன்ற பழைய சுவீடிஷ் ஆலயங்களின் ஏடுகளை விட்டுவிடாதீர்கள்.

நீக்கம் என்பது உறுப்புரிமையைத்தான் பறிக்கும். வழிபாட்டுக்கு வரத் தடையில்லை. நீக்கப்பட்டவர் 10, 15 ஆண்டு கழித்து வேறு மாநிலத்திலிருந்து மன்னிப்புத் தாள் அனுப்புவதும் உண்டு. அப்போது புதிய ஊர்க் கூட்டம், நீக்கிய பழைய கூட்டத்தின் சம்மதத்தைக் கேட்கும். பூர்வீக ஊர் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

கேள்வி: 1805இல் வட கரோலினாவிலிருந்து ஒஹையோவின் மயாமி மாதக் கூட்டத்துக்கு இடமாற்றச் சான்று கொடுத்திருக்கிறார்கள். மயாமியில் அந்த ஆண்டு பதிவில்லை. குவேக்கர் ஏடுகளைச் சுருக்கித் தரும் ஹின்ஷா தொகுப்பு போதுமா?

பதில்: 1806, 1807 குறிப்புகளையும் பாருங்கள். அடிமை முறை நிலவிய தெற்கைவிட்டுக் குடும்பம் குடும்பமாக வடக்கே போன காலம் அது. பலர் முதலில் கிளம்பிவிட்டு, சான்றைப் பிறகு கேட்டு வாங்கினார்கள். கடன் பாக்கி உண்டா, மணமாகாதவர் என்றால் திருமண வாக்கு ஏதும் உண்டா என்று விசாரித்த பிறகே சான்று தருவார்கள். அது போய்ச் சேருமுன் குடும்பம் அடுத்த ஊருக்கு நகர்ந்திருந்தால், சான்றின் பின்புறம் ஒரு வரி எழுதி அங்கே அனுப்பிவிடுவார்கள். மயாமியை ஒட்டிப் புதிதாக எழுந்த கூட்டங்களையும் பாருங்கள்.

1936 முதல் ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஹின்ஷாவின் தொகுப்பு அருமையான சாவி. ஆனால் அது சுருக்கமே. அதில் வரும் குறியீடுகளில் ‘ஜிசிடி’ (gct) என்றால் இன்ன கூட்டத்துக்குச் சான்று தரப்பட்டது. ‘ஆர்ஓசிஎஃப்’ (rocf) என்றால் இன்ன கூட்டத்திலிருந்து சான்றோடு வந்தார். ‘எம்ஓயூ’ (mou) என்றால் முறை தவறிய திருமணம். பென்சில்வேனியாவின் எல்லாக் கூட்டங்களும் அதில் இல்லை. இரண்டாம் தொகுதியில் அம்மாநிலத்துக்கு ஃபிலடெல்ஃபியா, ஃபால்ஸ் மட்டுமே.

கேள்வி: 1830இல் ஒரே பெயரில் இரண்டு மாதக் கூட்டங்கள் இருக்கின்றனவே, அச்சுப் பிழையா?

பதில்: இல்லை. 1827இல் ஃபிலடெல்ஃபியாவில் குவேக்கர்களே ஹிக்சைட் (எலியஸ் ஹிக்ஸ் பக்கம் நின்றவர்கள்), ஆர்த்தடாக்ஸ் என்று இரண்டு தரப்பாகப் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு பிளவு ஒஹையோ, இந்தியானா வரை போனது. பல ஊர்களில் இரு தரப்பும் பழைய பெயரையே வைத்துக்கொண்டு, மறுதரப்பில் சேர்ந்தவர்களை நீக்கின. 1828க்குப் பின் ‘நீக்கம்’ என்று பார்த்தால் திருமணக் குற்றம் என்று முடிவுகட்டாமல் மறுதரப்பு ஏட்டைத் திறந்து பாருங்கள். ஆள் அங்கே பழையபடி இருப்பார்.