‘கல்ட் படம்’ என்றால் என்ன? ஓடாத ‘கிரீஸ் 2’-வைச் சிலர் ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

பெரும்பாலும் வெளியானபோது கவிழ்ந்து, அப்புறம் ஒரு சின்னக் கூட்டம் உயிராய்க் கொண்டாடும் படம்தான் கல்ட் படம். ‘கிரீஸ்’ என்ற ஹாலிவுட் பாட்டு-நடனப் படத்தின் இரண்டாம் பாகமாக 1982-இல் வந்த ‘கிரீஸ் 2’ அந்த ரகம். முதல் படத்தின் ஜோடி இல்லை, காதலும் ஒட்டவில்லை. ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிவரும் நாயகனை நாயகிக்கு அடையாளமே தெரியவில்லை என்பதை நம்ப முடியாது. ஆனால் இயக்குநர் பாட்ரிசியா பிர்ச்தான் முதல் படத்துக்கு நடனம் அமைத்தவர், அதனால் கதை தடுமாறினாலும் கூட்டமாக ஆடத் தொடங்கியதும் படம் துள்ளி எழுகிறது, பவுலிங் கூடத்திலேயே ஒரு முழுப் பாட்டு! ஏணியில் ஏறிப் பாடும் நாயகி மிஷெல் ஃபைஃபரைப் பாருங்கள், துளிகூடத் தயக்கம் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஸ்டெப் தப்பியும் முகம் மலர ஆடும் பிள்ளையைத்தானே நாம் கண் எடுக்காமல் பார்ப்போம், அதே மாதிரி.

இதன் ரசிகர்கள் கிண்டலடிக்கத்தான் பார்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்தப் பாட்டுகள் அவர்களுக்கு நிஜமாகவே பிடிக்கும்.