தம்பி வீட்டு முகவரியில் ஓட்டுப் போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி, எடிசனில் வசிக்கிறேன். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஜனாதிபதி தேர்தலில் இங்கே எப்போதும் ஜனநாயகக் கட்சிதான் ஜெயிக்கும், நீ ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்கிறார்கள். என் தம்பி இருப்பது பென்சில்வேனியாவில், அது இழுபறி மாநிலம். அவன் முகவரியில் பதிந்து அங்கே ஓட்டுப் போடலாமா? நாடு முழுவதும் விழும் ஓட்டை வைத்து ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாமே, அது வந்தால் இந்தக் குறை தீருமா?

பதில்: தம்பி முகவரி வேண்டவே வேண்டாம். நிஜமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு. பொய் முகவரி கொடுத்துப் பதிவது குற்றம். புதுக் குடிமகனான உங்களுக்கு இந்த வம்பு எதற்கு? நீங்களே அங்கே குடிபெயர்ந்தால் அது வேறு விஷயம். தேர்தல் நாளுக்கு முன் 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும், 15 நாள் முன்பு வரை பதியலாம்.

உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கர்கள் நேராக ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவதில்லை, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கப் போகும் தங்கள் மாநிலத்தின் தேர்வாளர்களுக்குத்தான் போடுகிறார்கள். மொத்தம் 538 பேர், ஜெயிக்க 270 வேண்டும். நியூ ஜெர்சிக்கு 14, பென்சில்வேனியாவுக்கு 19. மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கிய வேட்பாளருக்கே மொத்தத் தேர்வாளர்களும். அதனால்தான் 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் சுமார் 29 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றார். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து டிரம்ப் முந்தியது ஏறக்குறைய 78,000 ஓட்டில். 2000-இல் இன்னும் மோசம், புளோரிடாவின் 537 ஓட்டு வித்தியாசமே முடிவைத் தீர்மானித்தது.

ஆனால் நியூ ஜெர்சி அசையாது என்று சொல்கிறவர்கள் பழைய கணக்கை வைத்துப் பேசுகிறார்கள். 2020-இல் பைடன் அங்கே சுமார் 16 சதவீதப் புள்ளி முன்னிலையில் ஜெயித்தார். 2024-இல் கமலா ஹாரிஸுக்கு அது 6 ஆகச் சுருங்கிவிட்டது. நாலே வருடத்தில் இவ்வளவு இறங்கிய மாநிலத்தில் இருந்துகொண்டு என் ஓட்டு வீண் என்று சொல்ல முடியுமா?

சரி, ஒப்பந்தம். சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர்கள் மொத்தமாக 270-ஐத் தொட்டால், அத்தனை மாநிலங்களும் தங்கள் தேர்வாளர்களை நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே கொடுக்க வேண்டும். உங்கள் நியூ ஜெர்சி 2008-லேயே சேர்ந்துவிட்டது. 2024-இல் மெய்ன் சேர்ந்தபோது எண்ணிக்கை 209. அரசியல் சாசனத்தைத் திருத்தாமலே முறையை மாற்றும் வழி இது. திருத்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், அதன் பின் 38 மாநிலங்களும் வேண்டும். 1969-இல் பிரதிநிதிகள் சபை 338-70 என்று ஆதரித்த திருத்தம்கூட செனட்டில் முடங்கிப்போனது. இந்த ஒப்பந்தத்துக்கும் காங்கிரஸின் ஒப்புதல் தேவையா என்ற சட்டச் சண்டை காத்திருக்கிறது.

ஆதரிப்பவர்கள் பலர் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. ஒப்பந்தம் 2024-இல் நடைமுறையில் இருந்திருந்தால், ஹாரிஸை ஜெயிக்க வைத்த நியூ ஜெர்சியின் 14 தேர்வாளர்களும் டிரம்புக்கே போயிருப்பார்கள். கலிபோர்னியாவின் 54 பேரும் அப்படியே. ஏனென்றால் அந்த முறை நாடு முழுவதும் விழுந்த மக்கள் ஓட்டிலும் முந்தியவர் அவர்தான். இதை உங்கள் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான்.

நான் மக்கள் ஓட்டின் பக்கம்தான். இப்போதைய முறை சின்ன மாநிலங்களைக் காக்கிறது என்பார்கள். கலிபோர்னியாவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு தேர்வாளர் என்றால், வயோமிங்கில் இரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே ஒருவர். அப்படியும் வேட்பாளர்கள் வயோமிங் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையே! மறு எண்ணிக்கைதான் எனக்கு உண்மையிலேயே தயக்கம் தருகிறது. ஒரே ஒரு மாநிலத்தின் ஓட்டுக்காக 2000-இல் நாடு 36 நாள் காத்துக் கிடந்தது. நாடு முழுவதையும் மறுபடி எண்ண வேண்டி வந்தால்?

அப்புறம், ஜனாதிபதி பெயர் வாக்குச்சீட்டில் ஒரு வரிதான். அதற்குக் கீழே காங்கிரஸ் உறுப்பினர், கவுண்டி நிர்வாகம், பள்ளி வாரியம் என்று நீளும். உங்கள் வீட்டு வரியில் பெரும் பகுதி பள்ளிக்குத்தான் போகிறது, அங்கே தேர்வாளர் யாரும் குறுக்கே வருவதில்லை. குடியுரிமைச் சான்றிதழ் வந்ததால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறாது, தனியாகப் பதிய வேண்டும். நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பு கடைசி நாள்.