சைனஸ் ஆபரேஷன் பண்ணா மருந்துச் செலவு நின்னுடுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷமா சைனஸ். பனியன் கம்பெனில கட்டிங் செக்‌ஷன், எப்பவும் பஞ்சுத் தூசி. ஆன்டிபயாட்டிக், ஸ்பிரே, டாக்டர் ஃபீஸ்னு காசு கரைஞ்சுட்டே இருக்கு. சிடி ஸ்கேன் பாத்துட்டு மூக்குல சதை வளர்ந்திருக்கு, எண்டோஸ்கோப் வழியா ஆபரேஷன் பண்ணிடலாம், 90,000 ஆகும்ங்கறாங்க. போன வருஷம்தான் சொந்தமா இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தோம். ஒரேயடியா செலவு பண்ணிட்டா அதோட முடிஞ்சுடுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மருந்துக்கடை ஓட்டம் குறையும்மா, நிக்காது. குறையறது எதுன்னா அடிக்கடி போடற ஆன்டிபயாட்டிக் கோர்ஸ், அவசரத்துக்கு டாக்டர்கிட்ட ஓடறது. ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புத்தண்ணி கழுவலும் ஆபரேஷனுக்கு அப்புறமும் இருக்கும், சொல்லப்போனா அப்பதான் நல்லா வேலை செய்யும், ஏன்னா அடைஞ்சு கிடந்த வாசல் திறந்துட்டதால மருந்து உள்ள வரைக்கும் போகும்.

அமெரிக்காவுல இன்சூரன்ஸ் பில்லுங்களை வச்சு 2011-ல ஒரு கணக்கு போட்டாங்க. ஆபரேஷனுக்கு முந்தின வருஷம் ஒரு ஆளுக்கு சைனஸ் செலவு சுமார் 2,450 டாலர், அது ஏறிட்டே வேற இருந்துச்சு. ஆபரேஷனும் அதை ஒட்டின கவனிப்பும் சுமார் 7,700. அடுத்த வருஷம் செலவு 1,560 கிட்ட இறங்குச்சு, ரெண்டாவது வருஷம் 1,120 கிட்ட. நல்லாவே குறைஞ்சிருக்குதான், ஆனா போட்ட காசு திரும்பி வர ஆறு வருஷம் கிட்ட ஆகும், அதுவும் இதே மாதிரி குறைஞ்சே இருந்தா. அதனால மிச்சம் புடிக்கறதுக்காக மட்டும் இந்த ஆபரேஷன் பண்ணாதீங்க. மூக்கடைச்சு, தூங்காம, லீவு போட்டு, போனாலும் வேலை ஓடாம போற நாளுங்க இருக்கே, மருந்துக்கு அடங்காத சைனஸ்காரங்களுக்கு அந்த இழப்பு மட்டும் வருஷத்துக்கு 10,000 டாலர் கிட்ட வருதுன்னு இன்னொரு அமெரிக்க ஆய்வு சொல்லுது, மருந்துச் செலவெல்லாம் அதுக்கு முன்னாடி கொசுறு. உங்க வீட்டுலயும் போன வருஷம் எத்தனை நாள் சம்பளம் போச்சுன்னு முதல்ல பாருங்க. அங்க 2019-ல மூக்குச் சதைக்கு டூபிலுமாப்னு ஊசி ஒண்ணை அனுமதிச்சாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல, அதோட வச்சுப் பாத்தா ஆபரேஷன் ரொம்பவே சீப்.

சதை திரும்ப வளரலாம், முக்கியமா ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு, ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்களுக்கு. அவருக்கு வீசிங் உண்டான்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. வெறும் தலைவலிய சைனஸ்னு நினைச்சு வர்றவங்க பாதிப்பேருக்கு மேல எங்ககிட்ட மைக்ரேன்தான், அவங்களுக்கு ஆபரேஷன் தண்டச்செலவு, ஆனா உங்க வீட்டுக்காரருக்கு ஸ்கேன்லயே சதை தெரியறதால அந்தக் கவலை வேண்டாம். தூசி மட்டும் மாறாம இருந்தா கஷ்டம், மாஸ்க் போடாம கட்டிங் டேபிள்ல நிக்கக் கூடாது.

கழுவறதுக்கு கடைல பாக்கெட் வாங்கணும்னு இல்ல. காய்ச்சி ஆறவச்ச தண்ணி கால் லிட்டர், அயோடின் கலக்காத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, அவ்ளோதான். குழாய்த் தண்ணிய அப்படியே மூக்குல ஊத்தவே கூடாது.

இன்சூரன்ஸ் விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. நிறைய பாலிசில சைனஸ் ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும், பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த நோய்னா மூணு வருஷம் வரைக்கும் வைக்கலாம். உங்களுக்கு ஒரு வருஷம்தானே ஆகுது, அவர் சைனஸை ஃபார்ம்ல எழுதினீங்களான்னு முதல்ல எடுத்துப் பாருங்க. அவசரம் இல்லேன்னா ஸ்பிரேயும் கழுவலும் ஒழுங்கா பண்ணிட்டு காத்திருக்கலாமான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, கண் வீங்கினா, பார்வை மங்கினா மட்டும் ஒரு நாள்கூட தள்ளக் கூடாது. கையில காசு இல்லேன்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஈஎன்டி பிரிவுக்குப் போங்க, முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க.

தனியார்லதான்னா எஸ்டிமேட்ட எழுத்துல வாங்குங்க. சதைய உறிஞ்சி வெட்டற மைக்ரோடிப்ரைடர் மெஷினோட பிளேடு, ரத்தம் வராம இருக்க மூக்குல அடைக்கற பேக், அப்புறம் வந்து எண்டோஸ்கோப்ல சுத்தம் பண்ற விசிட், இது மூணும் 90,000-த்துக்குள்ளயா வெளியவான்னு கேளுங்க, பாலிசில ரூம் வாடகைக்கு லிமிட் இருந்தா அதுக்கு மேல ரூம் எடுக்காதீங்க, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி செலவுலயும் அந்த விகிதத்துக்கு வெட்டிடலாம்.