உப்பைத் தாங்கும் ஈஸ்டுக்கு இரட்டை விலையா?

ஹட்டனில் வீட்டிலேயே பணிஸ் போட்டு விற்கும் சகோதரி கேட்கிறார்: “இரண்டு நாள் கூடுதலாகக் கெடாமல் இருக்கட்டும் என்று கிலோ மாவுக்கு 20 கிராம் உப்பை 35 ஆக்கினேன். மா பொங்கவே மாட்டேன் என்கிறது. உப்பைத் தாங்கும் பரம்பரையலகு சேர்த்த ஈஸ்ட் என்று ஒரு வியாபாரி இரட்டை விலை சொல்கிறார். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். அவர் சொல்லும் பரம்பரையலகு உங்கள் சாதாரண ஈஸ்டிலேயே இருக்கிறது. ஈஎன்ஏ1 என்று பெயர். கலத்துக்குள் புகுந்த சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை அதுதான் செய்விக்கிறது.

பிறகு ஏன் பொங்கவில்லை? உப்பு கூடியதும் கலத்திலிருந்து தண்ணீர் வெளியேறி, கலம் சுருங்குகிறது. சில நிமிடங்களிலேயே ஹொக்1 என்ற புரதம் கலத்தின் கருவுக்குள் போய் ஜிபிடி1 என்ற பரம்பரையலகை முடுக்கிவிடும். அதனால் சீனியில் ஒரு பங்கு கிளிசரோலாக மாறி உள்ளே தண்ணீரைப் பிடித்துவைக்கும். வாயுவாக வேண்டிய சீனி இப்படியே செலவாகிறது. மலைக்குளிரும் சேர்ந்தால் மா கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

உப்பை 18 கிராமுக்கு இறக்குங்கள். உலர் ஈஸ்ட் 10 கிராம் போதும். 35–38 பாகைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி கரைத்து, ஈஸ்டைத் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்தால் உயிர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பு வேண்டவே வேண்டாம். உலர்ந்த கலத்தின் மென்சவ்வு தண்ணீர் குடித்துச் சீராகும்வரை ஒழுகும். பம்பெல்லாம் செய்ய அதற்கு அவகாசமில்லை. உப்பை மாவோடு கலந்துகொள்ளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட் இனம் விற்பனையில் இருப்பது உண்மை. கிலோவுக்கு 100 கிராமுக்கு மேல் சீனி போடும் இனிப்புப் பணிசுக்கு அது உதவும். சீனியும் தண்ணீரை இழுக்கும், அதைத் தாங்க அந்த இனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் அது சீனிக்கு, அளவுமீறிய உப்புக்கு மருந்தல்ல. உங்கள் பணிசில் சீனி குறைவென்றால் அதுவும் வீண் செலவு.

செப்புச் சட்டியில் புளிக்க வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கூடுதல் செப்பைக் கட்டிப்போட ஈஸ்டிடம் கப்1 என்ற பரம்பரையலகு இருக்கிறது, அது தப்பிவிடும். ஆனால் புளித்த மாவில் கரைந்த செப்பை உண்பவர் நீங்கள்.

அந்த வியாபாரியின் ஈஸ்ட் பொலித்தீன் பையில் பிரித்துக் கட்டியதா என்று பாருங்கள். காற்றும் ஈரமும் பட்டுக் கிடந்தால் எந்த உலர் ஈஸ்டும் நாளடைவில் வீரியம் இழக்கும். திகதி இல்லாமல், தமிழில் ஒரு வரி இல்லாமல் இவற்றைக் கடையில் தொங்கவிடுகிறார்கள், கேட்பார் யாருமில்லை. உயர்தர உயிரியலில் பரம்பரையலகைத் தமிழில் படிக்கிறோம், பொதியில் திகதியைத் தமிழில் படிக்க முடியவில்லை! முத்திரை உடையாத பொதியையே கேளுங்கள். திறந்த மீதியைக் காற்றுப்புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.