சட்டத்தை மதிப்பது அமெரிக்கர்களின் பிறவிக் குணமா?

பிறவிக் குணம் என்று நான் நினைக்கவில்லை. பழகிப் பழகி வருவது. அது எப்படி வருகிறது என்று ஒருமுறை பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

குடியுரிமை வாங்கிய இரண்டாம் வருடம் எனக்கு ஜூரி சம்மன் வந்தது. வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுதான் ஜூரி. கிரீன் கார்டுக்காரர்கள் ஜூரியாக முடியாது என்பதால் எனக்கு அதுதான் முதல் அழைப்பு. என்ன சாக்கு சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்த அலுவலக நண்பர்கள் எல்லாருமே இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போனேன்; பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்கார வைத்துவிட்டார்கள்.

கத்தியைக் காட்டி வழிப்பறி செய்ததாக ஓர் இளைஞர் மீது வழக்கு. இரவு நேரம், தெருவிளக்கு வெளிச்சம். பணத்தைப் பறிகொடுத்தவர் அடையாளம் காட்டியதைத் தவிர வேறு பலமான சாட்சி இல்லை. அந்த இளைஞர் கடைசிவரை சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு முதலில் ஒரு வாக்கெடுப்பு. குற்றவாளி என்று பத்துப் பேர், இல்லை என்று இருவர். அந்தப் பத்தில் நானும் ஒருவன். “தப்பு செய்யாதவன் ஏன் வாயே திறக்கவில்லை?” என்றார் ஒருவர். என் மனதிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. மறுத்த இருவரில் ஒருவரான, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அம்மா, நீதிபதி எங்களுக்குக் கொடுத்திருந்த தாளை எடுத்து நிதானமாக வாசித்தார்: அவர் பேசவேண்டிய கட்டாயம் இல்லை, பேசாததை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமை அது. சாயங்காலம் வேறொருவர் அதே கேள்வியைக் கிளப்பியபோது, காலையில் கேட்ட அந்த மனிதரே “அதை நாம் பார்க்கக் கூடாது” என்று தடுத்தார். நான் பழக்கம் என்று சொல்வது இதைத்தான்.

மறுநாள் பன்னிரண்டு பேரும் ஒருமனதாக விடுதலை செய்தோம். அவர் செய்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு அதை நிரூபிக்கவில்லை.

அப்புறம்தான் லூசியானா மாநிலத்தைப் பற்றிப் படித்தேன். எல்லா ஜூரர்களும் ஒத்துப்போகத் தேவையில்லை என்று 1898-இல் அங்கே விதி செய்தார்கள். ஓரிரு கறுப்பின ஜூரர்கள் உள்ளே வந்தாலும் அவர்கள் வாக்கு செல்லாமல் போகட்டும் என்பது நோக்கம். அங்கே பத்து வாக்கு போதும் என்றிருந்த காலத்தில் எங்கள் வழக்கு நடந்திருந்தால், அந்த முதல் வாக்கெடுப்போடு இளைஞர் சிறைக்குப் போயிருப்பார். இப்படித் தண்டிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020-இல்தான்.

1955-இல் மிசிசிப்பியின் சம்னர் ஊரில், எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்ற வழக்கில் இரண்டு வெள்ளையர்களை ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஜூரி விடுவித்தது. அடுத்த வருடமே இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியவில்லை. அந்த ஜூரர்களும் அமெரிக்கர்கள்தான், அதே அரசியலமைப்புதான். ஆனால் பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். சம்னர் இருக்கும் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கறுப்பினத்தவரே பெரும்பான்மை, ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாதவர் ஜூரியாக முடியாது. மிசிசிப்பியில் பெண்களுக்கும் 1968 வரை ஜூரியில் இடம் கிடையாது.

எங்கள் அறையில் முதலில் மறுத்தவர்கள் அந்த அம்மாவும் ஒரு கறுப்பின இளைஞரும். சம்னரில் அவர்கள் இரண்டு பேருமே உள்ளே வந்திருக்க முடியாது.