மலையகத்தில் கற்கட்டின் மேல் படர்ந்து தொங்கும் பூச்செடி எது?

ஹட்டனில் வீட்டு முற்றத்துக் கற்கட்டின் மேல் தொங்கிப் பூக்கும் பல்லாண்டுச் செடி எது, "கடுங்குளிர் தாங்கும்" என்று அச்சிட்ட வெளிநாட்டு விதைப் பொதிகளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். அந்தப் பொதிகளில் வரும் ஓப்ரீஷியா, படர் ஃப்ளொக்ஸ் போன்றவை நீண்ட குளிர்காலத்தில் அடங்கிக் கிடந்து, வசந்தத்தில் பூப்பவை. நமக்கு அப்படியொரு குளிர்காலம் இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் சில விடியல்களில் துகள் உறைபனி விழும், அவ்வளவுதான். இங்கே செடியைக் கொல்வது மழை. மே முதல் செப்டெம்பர் வரை வேர் ஈரத்திலேயே கிடக்கும். அதைத் தாங்குமா என்று பார்த்துத்தான் செடியைத் தெரிவு செய்ய வேண்டும்.

என் முதல் தெரிவு மெக்சிகோ டெய்சி. கல்லிடுக்கில் ஒரு பிடி மண் இருந்தாலே பிடித்துக்கொள்ளும். வெள்ளையாக விரிந்து, நாளாக ஆக இளஞ்சிவப்பாக மாறும் பூ. ஒரே செடியில் இரண்டு நிறமும் கலந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தானாகவே விதை சிந்திப் பரவும் என்பதால், காட்டோரத்தில் வீடு இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பதே முறை.

அடுத்தது ஐவி ஜெரேனியம். எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் கவனிப்புக் கேட்கும். தேயிலைக்கு உகந்த நம் புளிப்பு மண் இதற்கு ஒத்துவராது. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவி, பருமணலும் மட்கிய சாணமும் கலந்து வையுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே நான்கு அங்குலத் தண்டாக வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு மணலில் ஊன்றினால் வேர்விடும். தேயிலைக் கன்றுக்குச் செய்வதுபோல் பொலித்தீன் போட்டு மூடாதீர்கள், அழுகிவிடும். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் தக்கைபோன்ற சிறு தடிப்புகள் இருந்தால் பூச்சி என்று எண்ணி மருந்து அடிக்க வேண்டாம். பெரும்பாலும் அது வேரில் ஈரம் மிஞ்சியதன் அடையாளம்தான். பருவமழை ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாஸ்டர்டியம் விதை போட்டால் போதும், இலையைச் சம்பலுக்கும் பறிக்கலாம். உறைபனி பட்டால் மட்டும் கருகிவிடும்.

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மார்ச் மாதத்தில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் ஊன்றிவிடும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஆண்டின் நடுப்பகுதி வறட்சியானது என்பதால் ஒக்டோபர் மழையோடு நடுங்கள்.

எதை நட்டாலும் கற்கட்டில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மண்ணோ வேரோ அடைக்க விடாதீர்கள். மழைநீர் பின்னால் தேங்கினால் கட்டே சரியும். கற்கட்டு இல்லாத வெறும் மண்மேடு என்றால் இந்தப் பூச்செடிகளின் வேர் அதைப் பிடித்து நிறுத்தாது. அங்கே முதலில் மேலே மழைநீர் வடியக் கான் (வாய்க்கால்) வெட்டி, வெட்டிவேரோ மானாப்புல்லோ நடுங்கள்.