"என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ?" எண்டு கேக்கிறா, நான் என்ன சொல்ல?

அக்கா, நான் திருகோணமலை. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களிலயும் கலியாண வீடுகளிலயும் மென்டலிசம் ஷோ, அதாவது மனசை வாசிக்கிற மாதிரிக் காட்டுற வித்தை, செய்யிறன். ஒரு பேரை பேப்பரில எழுதி மடிச்சுத் தாங்கோ எண்டு வாங்கி, கிழிச்சுப்போட்டு அந்தப் பேரைச் சொல்லுவன். கிழிக்கேக்க நடுத்துண்டு என்ர கைக்குள்ள நிண்டிடும், மிச்சம் எல்லாம் பழக்கமும் ஆக்களின்ர முகத்தைப் பாக்கிறதும்தான். போன மாசம் ஷோ முடிய மூதூர்ப் பக்கத்து அம்மா ஒராள் வந்து கையைப் பிடிச்சிட்டா. மகன் 2008ல காணாமப் போனவராம். லேமினேட் பண்ணின போட்டோ, மூலையெல்லாம் பிரிஞ்சு வெள்ளையாப் போட்டுது. "இருக்கிறானோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு ராசா." எனக்கு சக்தி ஒண்டும் இல்லையம்மா எண்டால், கெட்டது தெரிஞ்சு மறைக்கிறன் எண்டு நினைக்கிறா. இப்ப வெள்ளிக்கிழமையில காளி கோயிலுக்கு வந்திட்டு அப்பிடியே வீட்டுக்கும் வாறா. "இருக்கிறார் எண்டு சொல்லி அனுப்புங்கோவன், பாவம்" எண்டுறா என்ர மனுசி. சொல்லவா? ராவில நித்திரையே இல்லை.

பதில்:

தம்பி, சொல்லாதைங்கோ. இருக்கிறார் எண்டும் வேண்டாம், இல்லை எண்டும் வேண்டாம். இருக்கிறார் எண்டா அடுத்த வெள்ளி "எங்க?" எண்டு கேப்பா, நீங்க ஒரு ஊரைச் சொல்லோணும், அவ கடன்பட்டாவது அங்க போவா.

அவ நம்புறது மடமை இல்லை. 1948ல பெர்ட்ராம் ஃபோரர் எண்ட அமெரிக்க உளவியலாளர் தன்ர மாணவர் 39 பேருக்கும் ஒரே குறிப்பை, உங்கட குணம் இதுதான் எண்டு தனித்தனியாக் குடுத்தவர். எவ்வளவு சரி எண்டு கேக்க, 5க்கு சராசரி 4.26 போட்டிருக்கினம். ஒரு கவலையும் இல்லாத பிள்ளையளே அப்பிடி எண்டால், இவ்வளவு காலம் ஒரு பதிலுக்குக் காத்திருக்கிற தாய் நம்பாம என்ன செய்வா? செத்த வீடு எண்டால் எட்டு, அந்திரட்டி எண்டு செய்து அழுது முடிக்க ஒரு வழி இருக்கு. காணாமப் போனவருக்கு அதுவும் செய்யேலாது. போலின் பாஸ் எண்ட உளவியலாளர் இதைத் தெளிவில்லாத இழப்பு எண்டு சொல்லுறவ, அந்தத் துக்கம் அப்பிடியே உறைஞ்சு நிண்டிடும்.

அடுத்தமுறை வந்தா இருத்தி, தேத்தண்ணி குடுத்து, அந்தப் பேப்பர் வித்தையை மெதுவாச் செய்து, கையைத் திறந்து நடுத்துண்டைக் காட்டுங்கோ. தொழில் ரகசியம்தான், ஆனா இவவுக்குக் காட்டலாம், வெறும் வாய்ப்பேச்சை அவ நம்பமாட்டா. பிறகு மகனைப் பற்றிக் கேளுங்கோ, என்ன சாப்பாடு விருப்பம், என்ன படிச்சவர் எண்டு. அவவைப் பேசவிடுங்கோ. காணாமப் போனவையின்ர அம்மாமாரோட அவ தொடர்பில இருக்கிறாவோ எண்டும் விசாரியுங்கோ, இல்லாட்டி சேத்துவிடுங்கோ.

ஷோ தொடங்கேக்கயே இது வித்தை எண்டு மைக்கில சொல்லிப்போடுங்கோ. உங்கட நித்திரை இன்னும் சரிவராட்டி தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கோ.